மடியில் கனம்

தோர்தோய் சந்தையில் சரக்குப்பெட்டிகளை
ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கிக் கடை வைத்திருக்கிறோம்.
கீழ்ப்பெட்டியில் நான்.
மேலே துருக்கிச் செருப்புக் கிடங்கு.
ஜனவரியில் இரும்புச் சுவர் கையைக் கடிக்கும்;
பற்றவைக்கும் கம்பியின் சூட்டில்
விரல் காய்ச்சிக்கொள்வேன்.

எர்மெக் கொண்டுவருவான், வாரம் இரண்டு, மூன்று.
எங்கிருந்து என்று நான் கேட்பதில்லை.
மினிபஸ்ஸில் யாரோ மறந்தது என்பான், அவனாகவே.
பிஷ்கெக்கில் எல்லோரும் எப்போதும்
மினிபஸ்ஸில்தான் மறக்கிறார்கள்.

திறப்பது பெரிய வித்தையில்லை.
கடவுச்சொல் கேட்டால் கேட்கட்டும்.
நான்கு திருகாணி. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி
என் கணினியில் செருகினால் போதும்,
வாசலைப் பூட்டிய வீட்டுக்குப்
பின்சுவரே இல்லாததுபோல்
எல்லாம் கிடக்கும்.

துடைத்துவிட்டுத்தான் விற்பேன்.
ஆனால் துடைக்குமுன்
ஒரு கிளாஸ் தேநீர் ஆறும் நேரம் பார்ப்பேன்.
பார்க்காமல் இருந்ததில்லை.
கராகோல்காரி ஒருத்தி கணவனுக்கு எழுதி
அனுப்பாமல் வைத்த பதினேழு கடிதங்கள்.
ஒரு கணக்காளரின் இரட்டைக் கணக்கு.
பாஸ்போர்ட் நகல், கருக்கலைப்புச் சீட்டு,
குழந்தை குளிக்கும் படம்,
வங்கி என்றே பெயர் வைத்த கோப்பில்
வங்கியின் எல்லா எண்களும்.

அந்த முகங்களில் ஒன்றைச் சந்தையில் கண்டால்
நான்தான் திரும்பிக்கொள்வேன்.

செவ்வாய்க்கிழமை வந்தது சாம்பல் நிறம்.
மூலையில் நசுங்கல்.
மூடியில் பாதி உரிந்த வாத்துப் படம்.
செருகினேன்.
நாற்பத்தெட்டு இலக்கம் கேட்டது.
ஆறாறாய் எட்டுக் கட்டம், எட்டும் வெறுமை.
கருவி வைத்துத் தோண்டிப் பார்த்தேன்.
எழுத்துமில்லை, படமுமில்லை,
மாவாய் அரைத்த கண்ணாடிபோல் ஏதோ.
கடவு என்றால் வழி. இங்கே
வழியே சுவராக நின்றது.
சரியான கல்லுளிமங்கன்!
தேநீர் ஆறியது.
இன்னொன்று ஊற்றினேன். அதுவும் ஆறியது.

யார் இவள்?
அவள் என்று ஏன் சொல்கிறேன், வாத்தினால் இருக்கலாம்.
அடிபட்டு ஓடிவந்த பெண்களின்
முகவரிகளைக் காப்பவளா,
இல்லை, சமையல் குறிப்பையே
இப்படிப் பூட்டிவைக்கும் பிடிவாதக்காரியா?
மடியில் கனமிருந்தால் வழியில் பயம்.
இவள் கனத்தையே வழியில் தொலைத்துவிட்டு
இந்நேரம் புது மெஷினுக்குப்
பணம் எண்ணிக்கொண்டிருப்பாள்.
அழுதிருப்பாள்தான்,
விலைக்காக. அவ்வளவுக்கு மட்டும்.

துடைத்தேன். ஒன்பதாயிரம் சோமுக்கு
ஒரு மாணவன் வாங்கிப்போனான்.
பேரம்கூடப் பேசவில்லை.

அன்றிரவு வீட்டில் என்னுடையதைத் திறந்தேன்.
நுரையீரல் பற்றி மருத்துவர் எழுதியது.
எவனெவனுக்கு எவ்வளவு கடன்.
கசானில் மகள் அய்பீகே தங்கியிருக்கும் அறை எண்,
அவள் வேலையில்லாத மாதத்தில் அனுப்பிய குரல்பதிவு.
அப்புறம், ஆமாம்,
அந்தப் பதினேழு கடிதங்கள்.
நகலெடுத்து வைத்திருந்தேன்.
ஏன் என்று கேட்காதீர்கள். நன்றாக எழுதியிருந்தாள்.

எர்மெக்கைப்போல் இன்னொருவன்,
என்னைப்போல் இன்னொருவன்,
ஒரு கிளாஸ் தேநீர்.

குறியாக்கத்தை இயக்கு என்ற பொத்தானின்மேல்
கை நின்றது.
முதலில் கடிதங்களை அழித்தேன்.
என் பூட்டுக்குள் அவள் எதற்கு?
பிறகு அழுத்தினேன்.

மூன்று சதவீதம். பதினொன்று.
மின்சாரம் போனது;
பேட்டரியில் ஊர்ந்தது, இருபத்தாறு.
திரை வெளிச்சத்தில் செருப்புப்பெட்டி அட்டையில்
நாற்பத்தெட்டு இலக்கத்தையும் பேனாவால் எழுதி
மாவு மூட்டைக்கு அடியில் வைத்தேன்.
படுத்தேன். எழுந்தேன்.
மூட்டையைப் புரட்டி அட்டையை எடுத்தேன்.
ஆறாவது கட்டத்தில் இருப்பது
ஒன்றா, ஏழா?
என் கையெழுத்து
எனக்கே வாயைத் திறக்கவில்லை.